கொட்டை எண்ணெய்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒருத்தனிடம் கேட்டு, அதை நம்பி நடக்கிற புத்தியே கிடையாது. பத்து பேரிடம் கேட்பான். பத்து பேரும் பத்து விதமாகச் சொன்னதும் செல்போனை எடுத்துப் பதினோராவது ஆளைக் கேட்பான். அந்தப் பதினோராவது ஆள் எந்தத் தேசத்தவனோ, கையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் மரத்துக்கு எண்ணெய் தேய்த்துக் காட்டுவான். அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்பார்கள். கை அழுக்காகாமல் ஒருத்தன் வேலை செய்கிறான் என்றால் அது வேலையே இல்லை என்று எவனுக்கும் தோன்றாது. நானும் யாரையும் லேசில் நம்பாதவன்தான். ஆனால் கேள்வி ஒரு தரம், பதில் ஒரு தரம். அதுதான் என் வழக்கம். அந்த வழக்கத்தால் பழனி வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். நான் மூணாங்கிளாஸ்தான். முன்னே பின்னே இருக்கும்.

பழனி எனக்குத் தம்பி முறை ஆகிறவனுடைய மகன். என்னைப் பெரிப்பா என்பான். அவன் பெண்டாட்டி தைலம்மாள் மாமா என்று கூப்பிடுவாள். அவர்களுக்கு நிலம் ஒரு சென்ட் கிடையாது. கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே அணை. தண்ணீர் ஏறி நின்றுவிட்டால் அக்கரையில் இருக்கிற மலைச்சனம் கடுக்காய் மூட்டையையும் மரவள்ளிக் கிழங்கையும் தூக்கிக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் சுற்றி வந்துதான் கள்ளக்குறிச்சி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பழனி எட்டு வருஷமாகப் பரிசல் போட்டு அவர்களை இக்கரைக்குக் கொண்டுவந்து விட்டான். போன வருஷம் வேறெங்கேயோ ஒரு பரிசல் கவிழ்ந்தது. உடனே இங்கே பரிசலுக்குத் தடை. இனிமேல் முறையான படகு வேண்டும், மிதக்கிற சட்டை வேண்டும், ஐப்பசி பதினைந்தாம் தேதி ஆபீசர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் துறை என்று சொல்லிவிட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷத்துக்குத் துறை அவனுடையது. இல்லாவிட்டால் கரும்பு வெட்டுக்குக் கர்நாடகா பக்கம் போக வேண்டியதுதான். பரிசலுக்கு முன்னே இரண்டு வருஷம் அப்படிப் போனார்கள். கரும்புத் தோகைக் குடிசையில் ஆறு மாசம். அவர்கள் மகள் தேவதர்ஷினி அந்த இரண்டு வருஷமும் பாதி நாள்தான் பள்ளிக்கூடம் பார்த்தாள். இப்போது பிளஸ் டூ.

"இன்னொரு வாட்டி வெட்டுக்குப் போனா எம் பொண்ணு படிப்பு அத்தோட சரி மாமா" என்று தைலம்மாள் சொல்லிக்கொண்டே இருப்பாள். "இந்தப் படகு எங்களுக்குத் தொழில் இல்ல. அந்தப் பொண்ணு ஊர்லயே இருந்து பரீட்சை எழுதறதுக்கு வழி."

கடலூர்த் துறைமுகம் பக்கத்திலிருந்து பழைய மரப்படகு ஒன்று லாரியில் வந்து இறங்கியது. விற்றவர் பூமாலை என்று ஒரு வயசானவர். உடம்பு அயினிப் பலகை. மேல் விளிம்பு தேக்கு. உட்காருகிற பலகை நாலு. ஆவணி வெயிலில் அணைக்கரை வேப்ப மரத்தடியில் இரண்டு கட்டை போட்டு அதன்மேல் ஏற்றினோம். பழைய பெயிண்ட் பச்சையும் சிவப்புமாகச் செதில் செதிலாக நின்றது. பழனியும் தைலம்மாளும் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினார்கள். பிறகு உப்புத்தாள். அவள் நடவுக்குப் போய்விட்டு வந்து, கூழைக் குடித்துவிட்டு, பொழுது சாயும்வரை சுரண்டுவாள். புருவம் எல்லாம் பச்சைத் தூள்.

"மாமியா வூட்டு அண்டாவக்கூட இந்தத் தேய் தேய்ச்சதில்ல" என்பாள்.

"உங்க மாமியா உசுரோட இருந்தப்ப நீ அண்டாவத் தொட்டதே இல்லடி" என்பேன்.

"அதான் இப்ப சேத்து வச்சு தேய்க்கிறேன்."

பத்து நாளில் மரம் வெளியே வந்தது. வெயில் பட்டதும் குதிரைத் தோல் மாதிரி இருந்தது. ஆபீசர் ஒரு தரம் அந்த வழியாக வந்தவர் எட்டிப் பார்த்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"அடிப்பக்கம் தார் பூசிக்கிங்க. தண்ணிக்கு மேல இருக்கிற மரத்துக்கு மட்டும் பெயிண்ட் வேணாம். ஒரு எடத்துல மக்கிப்போன பலகைய பட்டி வச்சு அடைச்சு, நீல பெயிண்ட் அடிச்சு ஏமாத்திட்டாங்க. மரம் கண்ணுக்குத் தெரியணும். ஆனா வெயிலும் மழையும் தாங்கற மாதிரி ஏதாவது பூசியிருக்கணும்."

அந்த ஏதாவது என்ன என்பதில்தான் சனி புகுந்தது.

நானும் பழனியும் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். பெயிண்ட் கடை வைத்திருக்கிற தீனதயாளன் சின்ன வயசுக்காரன், வாய் ஓயாது.

"இன்னா மரம்?"

"அயினி. மேல விளிம்பு தேக்கு" என்றான் பழனி.

"வெயில்ல நிக்குமா, நிழல்லயா?"

"படகுய்யா அது. பந்தல் போட்டா ஓட்டுவாங்க?" என்றேன்.

"அதான் பெரியவரே கேக்கறேன். மரம் தண்ணியால கெடறதவிட வெயிலால கெடறதுதான் ஜாஸ்தி. வூட்டுக் கதவுக்கு அடிக்கிற வார்னிஷ இதுக்கு அடிச்சா கண்ணாடியாட்டம் நிக்கும். ஒரு கோடை போச்சுன்னா வெடிக்கும். வெடிச்ச எடத்துல தண்ணி பூந்து தோல் தோலா உரியும். இது பாருங்க, கடல் படகுக்கு அடிக்கிறது. மரம் உப்புனா கூட உப்பும், சுருங்குனா கூட சுருங்கும். ஆறு கோட்டு அடிக்கணும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும்."

"ஆறு தரமா? செவுத்துக்கே ரெண்டு தரம்தான்டா."

"ரெண்டு தரம் அடிச்சா அடிக்காமயே இருக்கலாங்க."

"எண்ணெ பூசலாமா?" என்று பழனி கேட்டான்.

"பூசலாம். வருசா வருசம் பூசணும். ஆனா காயற எண்ணெயா இருக்கணும்."

எண்ணெய் காய்கிறதாம். எண்ணெய் காய்ந்தால் அது எப்படி எண்ணெய்? விற்கிறவன் ஆறு என்றால் இரண்டு என்று அர்த்தம், வேண்டும் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். பழனியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அன்று பொழுது சாய்கிற நேரம் பழனி வீட்டில் களியும் கருவாட்டுக் குழம்பும். நானும் உட்கார்ந்தேன். பழனி போனைத் தட்டுப் பக்கத்தில் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பூமாலையைக் கூப்பிட்டான்.

"அண்ணே, மேல் மரத்துக்கு இன்னாண்ணே பூசறது? கடையில வார்னிஷ்னு சொல்றாங்க."

"வார்னிஷும் வேணாம் கீர்னிஷும் வேணாம். கொட்ட எண்ணெ குடு. எங்கப்பன் அதான் பூசினான், நானும் அதான் பூசினேன். லேசா சூடு காட்டி ரெண்டு தரம் குடு. பூச்சி அண்டாது, தண்ணி அண்டாது..."

அத்தோடு சிக்னல் போயிற்று. மலையடிவாரத்தில் எப்போதும் அப்படித்தான்.

"கேட்டியா?" என்றேன். "கடலுக்குப் போறவன் வாயால சொல்லிட்டான். ஆறு தரமும் இல்ல, நூறு தரமும் இல்ல."

தேவதர்ஷினி சுவரில் சாய்ந்து செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, அவரு எந்தக் கொட்டைய சொன்னாரு?"

"கொட்டன்னா எந்தக் கொட்ட? கொட்டமுத்துதான். மாட்டு வண்டி அச்சுக்கு இன்னா போட்டோம்? அதான். அச்சு தேயாம முப்பது வருசம் ஓடுச்சு."

எங்கள் பக்கத்தில் ஆமணக்குக்குக் கொட்டமுத்து என்றுதான் பேர். அதில் ஆட்டுகிற விளக்கெண்ணெயைக் கொட்டை எண்ணெய் என்போம். வயிற்றுக்குக் குடிப்பதும் தலைக்கு வைப்பதும் அதுதான். வேறொரு கொட்டை இருக்கிறது என்று நான் ஏன் நினைக்கப் போகிறேன்?

"வெளக்கெண்ணெ காயவே காயாதாம் தாத்தா. காயற எண்ணெ, காயாத எண்ணெ ரெண்டு வகை இருக்காம். இதுல போட்டிருக்கு."

"உன் செல்லா படகு ஓட்டப்போவுது?"

தைலம்மாள் களியை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "சிக்னல் வரட்டும், இன்னொரு வாட்டி போன் போட்டுக் கேட்டுக்கலாமே."

"ஒரே கேள்விய எத்தினி வாட்டி கேப்பீங்க? பெரிய மனுசன் சொன்னது காதுல உழுந்துச்சு இல்ல? மறுபடி கேட்டா அவுரு இன்னா நெனைப்பாரு?"

பழனி என் முகத்தைப் பார்த்தான். "பெரிப்பா சொல்றதும் சரிதான்" என்றான். அவன் அப்படித்தான். யார் கடைசியாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் பக்கம். மறுபடி கேட்கவில்லை.

என் வரப்பு ஓரத்துக் கொட்டமுத்தையே உரித்துக் காயவைத்து, சின்னசேலத்தில் செக்கில் ஆட்டிக்கொண்டு வந்தேன். என் கையால்தான் கொடுத்தேன். புரட்டாசி பாதியில் சூடுபடுத்திப் பூசினோம். இரண்டு தரம் போதும் என்றான் பழனி. ஆள் உட்காருகிற பலகை, இருக்கட்டும் என்று அதற்கு மட்டும் நான்தான் மூன்றாவது தரமும் பூசச் சொன்னேன். தேக்கு கறுத்து மினுமினு என்று ஆயிற்று. கரையில் ஆடு மேய்க்கிறவர்கள்கூட வந்து நின்று பார்த்தார்கள். அக்கரைச் சனம் நாலு பேர் சுற்றி நடந்துவந்து, "எப்ப வுடுவ? இந்த மூட்டைய சொமந்து சொமந்து கழுத்து உள்ள போயிடுச்சு" என்று கேட்டார்கள். "பதினஞ்சாம் தேதிக்கு அப்புறம்" என்றான் பழனி. அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாலு நாள் போயிற்று. கை வைத்தால் எண்ணெய். எட்டு நாள் போயிற்று. கை வைத்தால் எண்ணெய், அதன்மேல் மண், அதன்மேல் வேப்ப மரத்துப் பூச்சி. பன்னிரண்டாம் நாள் உட்காரும் பலகையில் தைலம்மாள் ஒரு பழைய புடவையை விரித்துப் பார்த்தாள். பிடுங்கி எடுத்தபோது புடவையில் பலகை அச்சு விழுந்திருந்தது.

"தலைக்கு வைக்கிற எண்ணெய வச்சா சூடு தணிஞ்சி நல்லா தூங்குது மாமா படகு" என்றாள். வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

"மேகமா இருக்குதில்ல, அதான். ரெண்டு நாள் வெயில் அடிக்கட்டும்" என்றேன்.

அன்றைக்கு அவளே பூமாலைக்குப் போன் போட்டாள். கரைமேட்டில் ஏறி நின்றால் சிக்னல் வரும். நானும் பழனியும் பக்கத்தில் நின்றோம்.

"பூசி பன்னெண்டு நாள் ஆச்சு. காயவே மாட்டேங்குது."

"கை வெந்துச்சா?" என்றார் பூமாலை.

"இன்னாது?"

"பூசினியே, கை வெந்துச்சா? கொப்புளம் ஏதாவது?"

"எண்ணெ பூசினா கை எதுக்குங்க வேவும்? கை நல்லா பளபளன்னு இருக்குது."

பூமாலையின் குரல் மாறியது. "யம்மா, எந்தக் கொட்டையில எடுத்த எண்ணெ அது?"

"கொட்டமுத்துங்க."

"அய்யய்ய! நான் சொன்னது முந்திரிக் கொட்ட. பண்ருட்டிக் கொட்ட. பருப்ப எடுத்துட்டு ஓட்டுல இருந்து எடுப்பாங்க, கறுப்பா. அதான் எங்க ஊர்ல கொட்ட எண்ணெ. நீ வெளக்கெண்ணெயவா பூசிட்ட?" என்று சிரிக்க ஆரம்பித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததைக் கேட்டு நிறுத்திக்கொண்டார். "எத்தினி நாள் இருக்குது?"

"இருபது நாள்."

"வெளக்கெண்ணெய மொத்தம் எடுத்துட்டுத்தான் அத பூசணும். அது கொப்புளிக்கும், பாத்து. எங்களுக்குப் பழகிப்போச்சு."

தைலம்மாள் போனைப் பழனி கையில் கொடுத்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். தேவதர்ஷினி மட்டும், "மரத்துக்கும் நமக்கும் ஒரே எண்ணெயா இருக்காதுன்னு அன்னிக்கே தோணுச்சு தாத்தா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பழனி தீனதயாளனைப் போய்ப் பார்த்தான். "வெளக்கெண்ணெ உள்ள எறங்கியிருந்தா என் வார்னிஷ் புடிக்காது. வித்துட்டு அப்புறம் உங்ககிட்ட திட்டு வாங்க என்னால முடியாது" என்று அவன் திருப்பி அனுப்பிவிட்டான். விற்கிறவன் விற்க மாட்டேன் என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

பிறகு எண்ணெயை எடுக்கிற வேலை. சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்தார்கள். சோடா உப்புக் கரைசல் ஊற்றிப் பிரம்பு விளக்குமாறால் தேய்த்தார்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தார்கள். மறுபடி கண்ணாடிச் சில்லு. மேலே வறண்ட மாதிரி தெரியும். மத்தியான வெயில் ஏறினால் உள்ளே இருந்து எண்ணெய் வியர்க்கும். தைலம்மாள் நடவையும் விட்டுவிட்டு அதிலேயே கிடந்தாள். சோடாவிலும் மண்ணெண்ணெயிலும் ஊறி அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துப் பிளந்துவிட்டது. களியை உருட்டினால் எரிகிறது என்று கரண்டியால் சாப்பிட்டாள்.

முந்திரி எண்ணெய் வாங்கிவர நானே போகிறேன் என்றேன். வேறு எதைச் செய்வது? உளுந்தூர்பேட்டை போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் பண்ருட்டி. ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கை எல்லாம் கரி மாதிரி. ராஜாம்பாள் என்று ஒரு பெரியவள் டின்னில் எண்ணெயை ஊற்றிக் கொடுத்தாள். தார் மாதிரி இருந்தது, மூக்கைக் குடைகிற நெடி.

"எதுக்குப் பெரியவரே?"

"படகுக்கு."

"ஒங்க பக்கம் ஏது படகு? யாரு பூசப்போறாங்க, பழகின ஆளா?"

"எங்க வூட்டுப் புள்ளைங்கதான்."

"அப்ப கேட்டுக்குங்க. கையில மொழங்கை வரைக்கும் வெளக்கெண்ணெ நல்லா தடவிக்கினு, மேல அடுப்புச் சாம்பல தொட்டுக்கினு அப்புறம்தான் இதத் தொடணும். நாங்க எல்லாம் அப்படித்தான். கேரி பேக்கு மாட்டிக்கலாம்னு நெனைப்பாங்க, அது நிக்காது. மூஞ்சிய மட்டும் தொடவே கூடாது. வெளக்கெண்ணெ, மறந்துடாதீங்க."

அவளுக்கு எங்கள் கதை தெரியாது. இருந்தாலும் அவள் என்னைக் கேலி செய்கிற மாதிரியே இருந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். அந்த வீட்டில் போய் நின்று, விளக்கெண்ணெயை எடு என்று நான் எப்படிச் சொல்வது? இன்னும் எதுக்கு மாமா அந்த எண்ணெய் என்று கேட்டால்? அவளுடைய கை வெடித்ததே அதை எடுக்கப் போய்த்தானே. கொட்டை உடைக்கிற பெண்கள் எதையும் பெரிசாகத்தான் சொல்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டின்னை இறக்கி வைத்தேன். "இன்னா சொன்னாங்க மாமா?" என்று தைலம்மாள் கேட்டாள்.

"கையில படாம பாத்துக்கச் சொன்னாங்க."

அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் பழனி மிதவைச் சட்டைகளையும் காகிதங்களையும் வாங்கிவரக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தான். வானம் மூடிக்கிடந்தது. மழைக்கு முன்னே ஒரு தரமாவது பூசிவிட வேண்டும் என்று அவள் தனியாக ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கையிலும் கேரி பேக் கட்டியிருந்தாள். எண்ணெய் பட்டுப் பட்டு அது கொழகொழ என்று ஆகி, விரல் பக்கம் கிழிந்தது. புழுக்கத்தில் உள்ளே வியர்த்து வழிந்தது. பாதி வேலையில் அதை உருவிப் போட்டாள். நான் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

"கையில படுது பாரு" என்றேன்.

"இதவுட எரியறதுக்கு இன்னா இருக்குது மாமா இந்தக் கையில? முடியட்டும், கழுவிக்கிறேன்" என்று முழங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். முழங்கையிலும் எண்ணெய்.

அவள் வீட்டு மாடத்தில் மிச்ச விளக்கெண்ணெய் பாட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் வைத்த இடம்தான். அங்கிருந்து பார்த்தால் வீடு தெரியும். நூறு தப்படி இருக்காது. போய் எடுத்துவந்து, தடவிக்கொள் என்று கொடுத்திருக்கலாம். நின்றேன். அவள் நாலு பலகையையும் பூசி முடித்தாள்.

மறுநாள் காலையில் அவள் முகம் வீங்கிக் கண் திறக்கவில்லை. இரண்டு கையிலும் கொப்புளம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பை மாதிரி தொங்கியது. ஆட்டோ வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். நர்ஸ் செந்தமிழ்ச்செல்வி, நெய்வேலிப் பக்கத்துப் பெண், பார்த்ததும் கேட்டாள்:

"முந்திரி எண்ணெயா? வெளக்கெண்ணெ தடவிக்காமயா தொட்டீங்க? எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூட தெரியுமே. விக்கிற எடத்துலயே சொல்லித்தான குடுப்பாங்க!"

தைலம்மாள் வீங்கின முகத்தை என் செருப்புச் சத்தம் வந்த பக்கம் திருப்பினாள். கண் திறக்க முடியாது, காதால்தான் பார்த்தாள். "கொட்டகையில ஏதாவது சொன்னாங்களா மாமா?"

"சொல்லல" என்றேன்.

நர்ஸ் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மருந்தை எடுக்கப் போய்விட்டாள். பழனி கொட்டகை ஆட்களை மூச்சுவிடாமல் திட்டினான். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தரம் பழனியே பூசினான். ரப்பர் கையுறை வாங்கிவந்து மாட்டிக்கொண்டான். மழை பிடித்துக்கொண்டது. மேலே கட்டின தார்ப்பாயில் விடாமல் நாலு நாள் சடசடத்தது. ஐப்பசி பதினைந்தும் வந்தது. வெளிப்பக்கமும் மேல் விளிம்பும் கறுத்து இறுகி நன்றாகத்தான் காய்ந்திருந்தன. உட்காரும் பலகை நாலும்தான், என் மூன்றாவது தரம் விளக்கெண்ணெயைக் குடித்தவை, பிசுபிசுத்தன.

ஆபீசர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். படகை இரண்டு சுற்று சுற்றினார். ஆணியைத் தட்டினார். மரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். "நல்ல மரம். நல்லா சுரண்டி எடுத்திருக்கீங்க" என்றார். பழனி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு அவர் பலகையில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்திருக்கும்போது ஒரு சத்தம் வந்தது. வெளிர் நிறப் பேன்ட்டில் பின்பக்கம் கறுப்பாக இரண்டு பட்டை. பின்னால் நின்ற பியூன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"இன்னாப்பா இது, காயவே இல்ல? பொம்பளைங்க, கொழந்தைங்க உக்காருவாங்க. மேல பட்டா புண்ணாவுற எண்ணெயாமே இது? உன் சம்சாரம் ஆஸ்பத்திரியில இருக்குதுன்னு சொன்னாங்க."

"காஞ்சிடும் சார். ஒரு பத்து நாள் வெயில் அடிச்சா போதும் சார்."

"இந்த மழையில பத்து நாள் வெயிலுக்கு நான் எங்க போறது? இன்னிக்கு எழுதி அனுப்பணும். தொறைக்கு எழுதிப் போட்டிருக்கற இன்னொருத்தரு, உளுந்தூர்பேட்டக்காரரு, ஃபைபர் படகு கொண்டாந்து எறக்கியிருக்காரு. உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. இதுல ஆளுங்கள ஏத்த நான் கையெழுத்து போட்டா, அப்புறம் நான்தான் பதில் சொல்லணும்." அவருக்கே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். "மூணு வருசம் போனா மறுபடி எழுதிப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகை பிறந்ததும் கரும்பு வெட்டு மேஸ்திரி தமிழரசன் வந்தான். அவன் ஒற்றை ஆளை எடுக்க மாட்டான். வெட்ட ஒரு ஆள், கட்ட ஒரு ஆள், ஜோடியாகத்தான் எடுப்பான். தைலம்மாள் கையில் தோல் உரிந்து, உள்ளே செம்மண் மாதிரி புதுத் தோல். ஒரு டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டும். அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பழனி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருப்பது?

"நான் வரேன்பா" என்றாள் தேவதர்ஷினி. "பரீட்சைக்கு முன்னால திரும்பிடலாம் இல்ல?"

"திரும்பிடலாம்" என்றான் பழனி. திரும்ப முடியாது. சித்திரைக்கு முன்னே எந்த வெட்டு முடிந்திருக்கிறது? அது அவளுக்கும் தெரியும். புத்தகங்களை ஒரு உரச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டாள். காலையில் லாரி வந்தது. ஏறிக்கொண்டு, "தாத்தா, அம்மாவ பாத்துக்குங்க" என்று என்னிடம் சொன்னாள்.

அதற்கப்புறம் நான் அணைக்கரைப் பக்கம் போகிறதை நிறுத்திவிட்டேன். பத்து நாள் கழித்து, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டதால் போகும்படி ஆயிற்று. தண்ணீர் கரை வரை ஏறி நின்றது. ஃபைபர் படகு மஞ்சள் நிறத்தில் அக்கரைச் சனத்தை ஏற்றிக்கொண்டு நடுத்தண்ணீரில் வந்துகொண்டிருந்தது. வேப்ப மரத்தடியில் கட்டைமேல் பழனியின் படகு அப்படியே இருந்தது. தைலம்மாள் கையில் துணி சுற்றிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். முகத்தில் அங்கங்கே தோல் வெளுத்திருந்தது.

"மாமா" என்றாள். "காஞ்சிடுச்சு."

நான் மாடு போன திக்கைப் பார்த்தேன்.

"வெரலால தொட்டா எனக்கு ஒண்ணும் தெரியல. கன்னத்த வச்சிப் பாத்தேன். ஒட்டல. தொறை இல்லன்னா இன்னா, மீன் புடிக்க விடுவாங்க இல்ல? பொண்ணு வந்தா அடுத்த வருசம் படிக்க வச்சிடலாம்."

"எங்க வூட்டுக்காரரு போன் போட்டிருந்தாரு" என்று அவளே மேலே சொன்னாள். "அந்தக் கொட்டகைக்காரிங்கள சும்மா வுடக் கூடாதுன்றாரு. நான்தான் சொன்னேன், அவங்க சொல்லியிருந்தா மாமா நம்மகிட்ட சொல்லாமலா இருப்பாருன்னு."

அவள் முகத்தைப் பார்த்தேன். வீக்கம் வடிந்த முகம், எனக்கு ஒன்றும் புரியாத முகம். நம்பிச் சொன்னாளா, தெரிந்துகொண்டே சொன்னாளா? சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. வந்தது வேறு.

"காயல" என்றேன்.

"தொட்டுப் பாத்துட்டு சொல்லுங்க மாமா."

"அது காயாது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாடு போன திக்கில் நடந்தேன்.

"ஒரு வாட்டி தொடுங்க" என்று பின்னால் குரல் வந்தது. "ஒரே ஒரு வாட்டி தொட்டுட்டுப் போங்களேன்."

அது காயாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.